தண்ணி போதும்

"குடி."

"நான் குடிக்கிறதில்லங்க."

"ஒரு வாய்தான். இந்தக் கிளாஸைப் பாரு, குருவிக்கு ஊத்துற அளவு."

"ஒரு வாய்கூட வேணாங்க. நாங்க நாலு பேருமே குடிக்கிறதில்ல. கையைப் பாருங்க."

"என்னது அது? பேனா மையா?"

"பெருக்கல் குறி. குடிக்கமாட்டோம்னு அடையாளம். நாங்களே போட்டுக்கிறது."

"மாட்டுக்குத்தான் நாங்க அடையாளம் போடுவோம். நீங்க உங்களுக்கே போட்டுக்கறீங்களா?"

"தண்ணி குடுங்க, குடிக்கிறேன். இதே கிளாஸ்ல. சந்தோஷமா குடிப்பேன்."

"தண்ணியில அண்டை ஆக முடியாது தம்பி."

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருஷமாகிறது. அன்று வில்லமீன் சமையலறையில் கறுப்பு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை ரொட்டியில் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். அப்பா யெனேவர் சாராயப் பாட்டிலின் தக்கையை உள்ளங்கையால் அடித்து மூடிய சத்தம். அந்தப் பையன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய சத்தம். கதவருகில் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டே அவன் சமையலறைப் பக்கம் திரும்பி, தோளைக் குலுக்கிச் சிரித்தான். பரீட்சையில் தோற்றுவிட்டு, கேள்வி நன்றாகத்தான் இருந்தது என்று சொல்பவன் போல.

இன்று காலை அப்பாவின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றும்போது அந்த 'ஒரு வாய்தான்' அவளுக்கு ஞாபகம் வந்தது. இப்போது அவருக்கே ஒரு வாய் அதிகம். பஞ்சிலிருந்து இரண்டு சொட்டு இறங்கினாலும் தொண்டை இரைந்தது.

"போதும், விடு. மூச்சு முட்டுது பாரு அவனுக்கு" என்றாள் டீலா அத்தை. அப்பாவின் அக்கா. நான்கு நாளாக இங்கேயேதான் இருக்கிறாள்; தன் வீட்டுத் தலையணையைக்கூட எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அப்பாவின் கட்டிலை முன்னறையில், ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அவர்தான் அப்படிக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே வயல். மக்காச்சோளம் அறுத்து முடித்திருந்ததால், அக்டோபர் மழையில் கறுத்த கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. அதற்கு அப்பால் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் ஹோய்ட்டிங்க் வீடு. ஹோய்ட்டிங்க் தம்பதி முதியோர் இல்லத்துக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. பெயர் மட்டும் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அங்கே குடியிருப்பது அந்த நாலு பேர்.

கோடையில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து அந்த வீட்டை மறைத்துவிடும். அப்போது அவர்கள் சத்தத்தைக் கேட்க மட்டும்தான் முடியும். அறுவடை முடிந்தால் ஒரே நாளில் எல்லாம் தெரியும்: மாட்டுக்கொட்டகையின் விளக்கு, கொடியில் தொங்கும் கறுப்புச் சட்டைகள், கூரைக்கடியில் சாய்த்த சைக்கிள்கள். வில்லமீனுக்கு அறுவடை நாள் பிடிக்கும். ஏன் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

அவர்கள் ஒரு இசைக்குழு; பெயர் 'டொட் மோர்கன்'. 'நாளைக்குப் பார்ப்போம்' என்று ரொட்டிக் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் சாதாரண வார்த்தை. அதைப் போய் ஒரு ஹார்ட்கோர் பங்க் குழுவுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அன்று குடிக்க மறுத்த யூப் பாடுவான், பாடுவது என்றால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது. ஃபென்னா டிரம்ஸ் அடிப்பாள். டைஸும் கூர்ட்டும் கிட்டார். பாட்டு எதுவும் ஒரு முட்டை வேகும் நேரத்தைத் தாண்டாது. கேட்டால் வீட்டுக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்று தோன்றும். வார்த்தைகளைப் பிரித்துக் கேட்டால், எழுந்திரு, தோழனைக் கூப்பிடு, உன்னால் முடியும் என்றிருக்கும்.

"எல்லாம் நல்ல விஷயம்தாங்க, கொஞ்சம் சத்தமா சொல்றோம்" என்று ரொட்டிக் கடையில் ஃபென்னா டீலா அத்தையிடம் சொன்னாளாம்.

"பன்னி வாலை கேட்டுல நசுக்கினாலும் அது நல்ல விஷயமாத்தான் கத்தும்" என்றாளாம் அத்தை.

அவர்கள் சாயங்காலம் பயிற்சியை முடிக்கும்போது நாலு பேரும் சேர்ந்து ஒரே குரலில் "டொட் மோர்கன்!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல் வயலைத் தாண்டி வந்து முன்னறைக் கண்ணாடியில் தட்டும். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, "முடிச்சுட்டானுங்க" என்று சொல்லி, சாப்பாட்டு மேஜைக்கு வருவார். திட்டிக்கொண்டேதான் வருவார். ஆனால் அவர்கள் முடிப்பதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.

கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது. யாரும் போய்ச் சொல்லவில்லை. ஜன்னலருகே கட்டில் வந்ததைப் பார்த்தார்களோ என்னவோ. மறுநாள் வாசலில் ஒரு பானை நிறையப் பட்டாணி சூப் இருந்தது, துண்டு சுற்றி, சூடாக.

"தொத்திறைச்சி இல்லாத பட்டாணி சூப்பா?" அத்தை கரண்டியை விட்டுத் துழாவினாள். "அடியில இருக்கும்னு பாத்தேன். அடியிலயும் இல்ல. ஆடு மாடு எதையும் தொடமாட்டாங்களாம். அப்புறம் எதுக்கு மாட்டுக்கொட்டகையில குடியிருக்காங்க?" ஆனால் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அப்பாவுக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கேட்டார்:

"ஏன் கத்தல?"

"உங்களுக்கு உடம்பு முடியலைன்னு நிறுத்திட்டாங்கப்பா."

"நான் நிறுத்தச் சொன்னேனா?"

"ரெண்டு வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருந்தீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "ரெண்டே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்துவானே, ஒரு பாட்டு. கடைசியில. என்னது அது?" என்றார்.

வில்லமீனுக்கு அது என்னவென்று தெரியும். அந்தக் குழுவின் எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது, உதடு அசையாமல், சோப்பு நுரைக்குள் தாளம் போட்டுக் கற்றது. அந்த இரண்டு வார்த்தை 'தண்ணி போதும்'. யூப் அதை இந்த வீட்டு வாசலிலிருந்து திரும்பிப் போன அந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். 'கிளாஸைக் கொண்டா, கதவைத் திற, தண்ணி போதும், தண்ணி போதும்!'

"புரியலப்பா" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தப் பக்கத்தில் எந்த வீடும் தனியாகச் சாவதில்லை. ஒரு வீட்டுக்கு முதல் அண்டை என்று ஒன்று உண்டு. சாவு விழுந்ததும் வீட்டு ஆள் ஒருவர் அந்த வாசலில் போய் நின்று சொல்வார். அதற்குப் பிறகு அந்த வீட்டார் எதையும் தொட வேண்டியதில்லை. ஊரெல்லாம் சொல்வது, உடம்பைப் பெட்டியில் வைப்பது, காப்பி ஊற்றுவது, கேக் வெட்டுவது, பெட்டியைத் தோளில் தூக்குவது எல்லாம் முதல் அண்டையின் வேலை. ஆனால் பக்கத்தில் குடியிருப்பதாலேயே யாரும் அண்டை ஆகிவிடுவதில்லை. புதிதாக வந்தவர் இந்த வீட்டுக் கிளாஸில் ஒரு வாய் குடிக்க வேண்டும். வீட்டு ஆள் அவர் வாசலுக்குப் போய், படிக்கு வெளியே நின்று, "எங்க வீட்டுக்கு முதல் அண்டையா இருப்பீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மறுத்ததாக ஒரு கதைகூடக் கிடையாது.

அம்மா செத்தபோது ஹோய்ட்டிங்க் அம்மாள் வந்து வில்லமீன் கையிலிருந்த கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். "உக்காரு. இன்னிக்கு இந்த வீட்டுல நீ தண்ணிகூடக் கொதிக்க வைக்கக்கூடாது." வில்லமீன் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழ மட்டும் செய்தாள். இத்தனை நாள் கழித்தும் அம்மாவின் சாவில் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது கையிலிருந்து போன அந்தக் கெட்டிலின் கனம்தான்.

அந்தக் கேள்வி அப்பாவின் வாயிலேயே இரண்டு வருஷம் தங்கிவிட்டது. யூப் அதை மறக்கவில்லை. ஒருநாள் பால் சங்க ரோட்டில் அவளுடைய சைக்கிள் சங்கிலி கழன்றபோது அவன் எதிரே வந்தான். டவுனில் சைக்கிள் கடையில்தான் அவனுக்கு வேலை. குனிந்து ஒரே இழுப்பில் சங்கிலியை மாட்டிவிட்டு, கறுப்பான விரலைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

"ஆச்சு, பக்கத்து வீட்டம்மா."

"எங்கப்பா கேட்டா திட்டுவாரு. இன்னும் அப்படிக் கூப்பிடக்கூடாது."

"தெரியும். அதான் அவர் இல்லாதப்ப கூப்பிடறேன்." பெடலைச் சுற்றிப் பார்த்தான். "அவர் எப்ப கேப்பாருன்னு நினைக்கிறீங்க?"

"கேக்கமாட்டாரு. உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியாது."

"உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் காத்துட்டிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னான். "காத்துட்டிருக்கேன்."

அவள் வீட்டுக்கு வந்து சேரும்வரை பெடல் மிதித்த ஞாபகமே இல்லை.

போன குளிர்காலத்தில், அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, டவுன் இளைஞர் மன்றத்தில் அவர்கள் வாசிப்பதைப் பார்க்கப் போனாள். மேடை என்று ஒன்றும் கிடையாது, தரைதான். எல்லோரும் தோளில் தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் பாட்டில் யூப் மைக்கைத் தன் வாயிலிருந்து எடுத்துக் கூட்டத்துக்குள் நீட்டினான். அதுதான் அவர்கள் வழக்கம். வார்த்தை தெரிந்தவர் யாரும் பாடலாம். ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழுந்து கத்தினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் மைக் சுற்றிவந்து நேராக அவள் முகத்துக்கு முன்னால் நின்றது. அதன் பின்னால் யூப். அவள் இருப்பதை அப்போதுதான் பார்த்தான்.

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். வாயைத் திறந்தாள். வாய் திறந்தே இருந்தது. ஃபென்னா டிரம்ஸை நிறுத்தாமல் ஒரு சுற்று அதிகமாக அடித்தாள். யூப் காத்திருந்தான். பிறகு அவள் காதருகில் வந்து, "பரவால்ல, அடுத்த தடவை" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அதற்குப் பிறகு அப்பாவுக்கு நோய் என்று தெரிந்தது.

இன்று அவர்கள் கிளம்புகிறார்கள். காலையிலிருந்து கொட்டகை வாசலில் வெள்ளை வேன் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஜெர்மனி, அப்புறம் போலந்து. முதல் தடவையாக நாட்டுக்கு வெளியே வாசிக்கப் போகிறார்கள். நாளைக்குப் பிரேமன் நகரில் முதல் கச்சேரி. ரொட்டிக் கடையில் ஃபென்னா ஊருக்கே சொல்லியிருந்தாள். திரும்பி இங்கே வரப்போவதும் இல்லை. ஹோய்ட்டிங்க் வீட்டை விற்கப்போகிறார்கள். இவர்கள் நைமேகன் நகரத்தில் அறை பார்த்துவிட்டார்கள்.

"நாலு மணிக்குக் கிளம்பறாங்களாம்" என்றாள் அத்தை, ஜன்னல் வழியே பார்த்து. "மெத்தையெல்லாம் ஏத்தறாங்க. போற எடத்துல தரையில படுப்பாங்க போல."

அப்போது அப்பா கண்ணைத் திறந்தார்.

"கிளாஸ்."

இரண்டு பேரும் குனிந்தார்கள். "என்ன கிளாஸ்ப்பா?"

அவர் கண் அலமாரிப் பக்கம் போனது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அடி தடித்த அந்தச் சின்ன கிளாஸ். தாத்தா காலத்திலிருந்து அண்டை ஆக்குவதற்கென்றே இருப்பது. வில்லமீன் அதை எடுத்தாள். பக்கத்திலிருந்த யெனேவர் பாட்டிலுக்குக் கை போனது.

அப்பாவின் தலை தலையணையில் கொஞ்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

"தண்ணி."

"தாகம்டி அவனுக்கு. பஞ்சை வை, கிளாஸ்ல குடுத்தா புரையேறும்" என்றாள் அத்தை.

வில்லமீன் சமையலறைக் குழாயில் கிளாஸை நிரப்பிக்கொண்டு வந்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. பார்வை அவள் கையைத் தாண்டிப் போனது.

"அங்க."

"எங்கப்பா? ஜன்னல்லயா?"

அவள் கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையா, அதற்குப் பின்னால் வயலையா, வேனையா, யாருக்குத் தெரியும். மூச்சு வந்தது. இடைவெளி விட்டு இன்னொன்று வந்தது. அடுத்ததற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வெளியே யாரோ வேனுக்குள் எதையோ தூக்கிப் போட்டார்கள். டிரம்ஸின் தட்டு ஒன்று 'ஜிங்' என்று உருண்டது, யாரோ சிரித்தார்கள்.

"டெர்க்?" என்றாள் அத்தை. அவர் கன்னத்தைத் தொட்டாள். "டேய். டெர்க்."

மத்தியானம் டாக்டர் வந்து போனார். வாசலில் நின்று, "நல்லபடியா, வீட்டுலயே போனாரு" என்று வில்லமீனின் கையைப் பிடித்துச் சொன்னார். அவள் நன்றி சொன்னாள். அத்தை முன்னறைத் திரைகளை இழுத்து மூடினாள். கிளாஸ் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

வில்லமீன் சமையலறைக்குப் போய்க் கெட்டிலைக் குழாயடியில் பிடித்தாள். நிரம்பியது. அடுப்பில் வைத்தாள். யாரும் வந்து பிடுங்கவில்லை. நீர் சூடேறும் அந்த முனகல் எழும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது: இந்த வீட்டில் இன்று தண்ணீர் கொதிக்க வைத்தது அவள்தான்.

அடுப்பை அணைத்தாள். கைப்பிடியை விடாமல் அங்கேயே நின்றாள்.

"பெர்ட்டஸுக்குப் போன் பண்ணிடறேன்" என்று அத்தை பின்னால் வந்து நின்றாள். "ரெண்டு வீடு தள்ளித்தான். இருந்தாலும் தெரிஞ்ச ஆளு. அவன் பசங்க தூக்குவாங்க."

"போன்ல கேக்கக்கூடாது. வாசல்ல போய்த்தான் கேக்கணும்."

"இந்தக் காலத்துல யாரு பாக்கறா?"

"பெர்ட்டஸ் முதல் அண்டை இல்ல அத்தை. நடுவுல ஒரு வீடு இருக்கு."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எது? அந்தப் பெருக்கல் குறியா? கிளம்பிட்டிருக்காங்கடி. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த வீடு எந்தத் திசைன்னே மறந்துடுவாங்க."

"அப்பா கிளாஸ் கேட்டாரு."

"தாகத்துக்குக் கேட்டான்."

"இருக்கலாம்."

"செத்துட்டிருக்கறவன் தண்ணி கேட்டா அதுக்கு ஒரு அர்த்தம் வேணுமா?"

"வேணாம்" என்றாள் வில்லமீன். "ஆனா அவர் குடிக்கலையே."

அத்தை மேஜையிலிருந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டினாள். கூட்டியதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையை மூடிக்கொண்டாள்.

கேட்டால் மறுக்க மாட்டார்கள். அதுதான் வில்லமீனின் காலைக் கட்டிப்போட்டது. கேட்டால் யூப் வேனை நிறுத்துவான். பிரேமனுக்குப் போன் செய்வான். அடக்கம் முடியும்வரை இங்கே இருப்பான், கதவுக்குக் கதவு போய்ச் செத்துப்போன செய்தி சொல்வான், பெட்டியைத் தூக்குவான். இரண்டு வருஷம் மாட்டுக்கொட்டகையில் குளிரில் நின்று கத்தியதெல்லாம் இந்தப் பயணத்துக்காகத்தான். ஒரு பெட்டியைக் காட்டி ஒருவனை நிறுத்துவதா? நான் கேட்கப்போவது அப்பாவுக்காகவா, எனக்காகவா? அவன் 'காத்துட்டிருக்கேன்' என்று சொன்னது அந்தக் கேள்விக்காக மட்டும்தானா? ஒன்றையொன்று பிரிக்க அவளால் முடியவில்லை. எவ்வளவு நாளாகப் பிரிக்க முடியாமல் இருக்கிறது என்பதும் தெரியவில்லை.

வயலுக்கு அப்பால் வேன் என்ஜின் இருமியது. நின்றது. மறுபடி இருமி, பிடித்துக்கொண்டது.

அவள் முன்னறைக்குப் போனாள். திரையை ஒதுக்கிக் கிளாஸை எடுத்தாள். நிரம்பியே இருந்தது. அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"வில்லமீன்."

அத்தை கதவருகில் அவளுடைய கறுப்புக் கோட்டோடு நின்றாள். "போட்டுக்க. சாவு வீட்டுப் பொண்ணு ஸ்வெட்டரோட போய் வாசல்ல நிக்கக்கூடாது. என்ன நினைப்பாங்க." அவளே கைகளை நுழைத்துவிட்டாள், பட்டனை மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டாள். வில்லமீன் கிளாஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "தலையை நிமித்திப் போ. நீ இப்ப இந்த வீட்டு ஆளு."

ரோட்டைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று வயலுக்குள்ளேயே இறங்கினாள். சோளக்கட்டைகளுக்கு நடுவே சேறு பூட்ஸைப் பிடித்துப் பிடித்து விட்டது. காற்று. கிளாஸின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்படியும் ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் கொஞ்சம் வழிந்து விரலிடுக்கில் ஓடியது. வாய்க்கால் பலகையில் கால் வைத்தபோது இன்னும் கொஞ்சம் போனது.

முதலில் பார்த்தது ஃபென்னா. வேனின் பின்பக்கம் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். வயலுக்கு அப்பால் மூடிய திரைகளைப் பார்த்தாள், வில்லமீனைப் பார்த்தாள், எழுந்துபோய் வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். என்ஜின் நின்றது.

டைஸ் கயிற்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். கூர்ட் தொப்பியை எடுத்தான். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்து யூப் இறங்கினான். அவன் முகத்தில் சவரம் செய்யாத மூன்று நாள் தாடி. கையில் பெருக்கல் குறி புதிதாகப் போட்டிருந்தது, பயணத்துக்காக.

"எப்ப?"

"மத்தியானத்துக்கு முன்னாடி."

அவன் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள்; ஈரக் கை. அவன் அதை விடவில்லை.

"நாங்க காலையில சிரிச்சுக்கிட்டிருந்தோம். டிரம்ஸ் தட்டு விழுந்துச்சு. அவருக்குக் கேட்டிருக்குமோ?"

"கேட்டிருக்கும்னு நினைக்கிறேன்."

"ஐயோ."

"இல்ல" என்றாள். "நல்லதுதான். நீங்க ஏன் கத்தறதில்லன்னு கேட்டுட்டே இருந்தாரு."

யூப் தரையைப் பார்த்தான். அப்போதுதான் அவளுடைய இன்னொரு கையிலிருந்த கிளாஸ் அவன் கண்ணில் பட்டது. அடி தடித்த, குருவிக்கு ஊற்றும் அளவு கிளாஸ். நிறம் இல்லாத நீர். அவன் அதை முகர்ந்து பார்க்கவில்லை, என்னவென்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நாங்க ஏதாவது..." என்று டைஸ் ஆரம்பித்தான்.

"சும்மா இரு" என்றான் யூப், மெதுவாக. "அவங்க சொல்லணும். நாம சொல்லக்கூடாது."

அவள் வாயைத் திறந்தாள். இளைஞர் மன்றத்தில் திறந்த அதே வாய். காற்று மட்டும் உள்ளே போனது.

யூப் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி மற்ற மூன்று பேரிடமும், "உள்ள வாங்க" என்றான்.

"எதுக்கு?"

"வெளிய நிக்கறவங்கதான் கேக்கணும். நாம உள்ள இருக்கணும். வா, ஃபென்னா. ஆப்பிளைக் கீழ போடு."

நாலு பேரும் காலியான அந்த வீட்டுக்குள் போனார்கள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஃபென்னா ஏதோ கேட்பதும், யாரோ "உஷ்" என்பதும் வில்லமீனுக்குக் கேட்டது. முற்றத்தில் அவளும், கதவு திறந்த வேனும், அதற்குள் அடுக்கிய மெத்தைகளும் மட்டும்.

படிக்கு முன்னால் போய் நின்றாள். கோட்டைச் சரிசெய்தாள். கிளாஸில் பாதி இருந்தது.

தட்டினாள்.

கதவு உடனே திறந்தது. அதன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். யூப் நிலைப்படிக்கு உள்பக்கம் நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் மூன்று முகங்கள். அவன் சிரிக்கவில்லை. அவளுக்காக எதையும் சொல்லவுமில்லை. கூட்டத்துக்குள் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றதுபோல் நின்றான்; கை மட்டும் வெறுமையாக இருந்தது.

வில்லமீன் இரண்டு கையாலும் கிளாஸை நிலைப்படிக்கு மேலாக நீட்டினாள்.

"எங்க வீட்டுக்கு" என்றாள். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வயலுக்கு அந்தப் பக்கம் மூடிய திரைக்குப் பின்னாலும் கேட்கும்படி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்கு முதல் அண்டையா இருப்பீங்களா?"